கிழவிக்குப் பாப்பா என்று பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில் பல்லிக்கு நல்ல பேச்சு இருந்தது. வீட்டில் யார் என்ன சொன்னார்கள், யார் எதைச் சொல்லாமல் விழுங்கினார்கள் என்று எல்லாவற்றுக்கும் சுவரில் இருந்தபடியே ஒரு தீர்ப்புச் சொல்லும். மைனாவும் பேசியது. ஆடும் பேசியது. ஆனால் ஆடு வாயைத் திறந்தால் தீனியைப் பற்றித்தான் பேசும் என்பதால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மலையடிவாரத்தில், வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணலாகக் கிடக்கும் காட்டாற்றின் கரையில் ஓர் ஊர். அந்த ஊருக்குப் பெரியவர் கொம்பையா. அவருடைய மகன் பெத்தணன், ஆட்டுக்கிடையோடு மாசக்கணக்கில் வெளியூர்களில் திரிகிறவன். பெத்தணனின் மனைவி மாயக்கா. இந்தக் கதை அவளுடையது.

மாயக்காவை ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது. மாவு திரித்துக்கொண்டே இருப்பாள், பாதியில் எழுந்து தெருவுக்கு ஓடுவாள். திரும்பி வந்து இரண்டு சுற்றுச் சுற்றுவாள், மறுபடியும் கொல்லைப்பக்கம் ஓடுவாள். ‘காலில் சக்கரம் கட்டியிருக்கிறாள்’ என்று ஊரே கேலி பேசியது. அவள் என்ன செய்வாள்? மூன்று வயதுப் பிள்ளை வைத்திருந்தாள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட அவளுக்கு வழியில்லை. கூப்பிட முடியாதவள் ஓடித்தானே ஆக வேண்டும்?

வாய் இல்லாதவளா என்று கேட்காதீர்கள். நன்றாகப் பேசுகிறவள்தான். சங்கதி வேறு. தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது ஊர் வழக்கம். பிறந்த பதினாறாம் நாள் பெத்தணனின் அக்கா ஒச்சம்மா, அத்தை முறைக்கு வந்து உட்கார்ந்து, குழந்தையின் காதில் மூன்று தடவை ‘கொம்பையா’ என்று சொல்லிவிட்டாள். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதும் ஊர் வழக்கம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறைந்துவிடுமாம். பெற்றவளைத் தவிர ஊரே அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

பெயர் மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தப் பெயருக்குள் இருக்கிற சொல்லும் ஆகாது. மாட்டுக்குக் கொம்பு என்று மாயக்கா சொல்ல முடியாது. ‘மாட்டுத் தலையில முளைச்சிருக்குமே, அது’ என்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மாமியாரின் பெயர் மூக்காயி. அதனால் பிள்ளைக்குச் சளி பிடித்தால், ‘மூச்சு விடுற இடம் ஒழுகுது’ என்று சொல்லித்தான் மருந்து கேட்பாள். மருந்து கொடுக்கிறவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுப்பார்.

டேய் என்று கூப்பிடலாமே என்றால், மாமனார் பெயர் தாங்கிய பிள்ளையை டேய் போடுவதா? பல்லி சும்மா விடுமா? ‘இந்தாங்க, இங்க வாங்க, சாப்பிடுங்க’ என்றுதான் தன் வயிற்றில் பிறந்தவனோடு அவள் பேசினாள். பக்கத்தில் இருந்தால் அது செல்லும். தெருக்கோடியில் நிற்கிறவனைப் பார்த்து ‘இந்தாங்க’ என்று கத்தினால், போகிற வருகிற ஆம்பளை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு நாள் கூரை மேல் இருந்த மைனாவிடம் போய் நின்றாள்.

“மைனாக்கா, தெனம் ஒரு கை கம்பு போடுறேன். பயல எனக்காகக் கூப்பிட்டு விடுறியா?”

“ஒம்புள்ளைய நீ கூப்பிடக் கூடாதா?” என்றது மைனா. “எங்க குஞ்சுகளுக்குப் பேரே கெடையாது. எஞ்சத்தம் கேட்டா வாயைத் தொறக்கும், அம்புட்டுத்தான்.”

“ஒனக்கென்ன, மாமனாரா மாமியாரா?”

மைனா கம்பைத் தின்றது, கூப்பிடவும் செய்தது. அதற்கு மனசு இருக்கிறபோது மட்டும். மற்ற நேரத்தில் தோட்டந்துரவு என்று பறந்து போய்விடும். மாயக்கா மறுபடியும் ஓடினாள்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கும் அந்தப் பிள்ளை சுலபத்தில் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. ‘கொம்பையா’ என்று யாராவது குரல் கொடுத்தால் தாத்தா ‘என்னப்பா’ என்பார். ஊருக்குப் பெரியவர் என்பதால் நாளைக்கு நாற்பது தடவை அவரைத் தேடி ஆள் வரும். பிள்ளை இதைப் பார்த்துப் பார்த்து, அந்தச் சத்தம் தாத்தாவுக்கானது என்று விட்டுவிட்டான். நாற்பத்தொன்றாவது தடவை தனக்கு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கம்பங்கொல்லையில் மட்டும் மாயக்காவுக்கு ஒரு விடுதலை இருந்தது. அங்கே சுவர் இல்லை. சுவர் இல்லாத இடத்தில் பல்லி இல்லை. பிள்ளை சிரித்தால் கண் இரண்டும் சுருங்கிக் கோடாகிவிடும். அதைப் பார்த்து ஒரு நாள், “சின்னக்கண்ணு” என்றாள். சொன்னதும் பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தாள். கம்பங்கதிர்தான் ஆடியது. ஒரு உயிருக்கு ஒரு பெயர்தான், இரண்டாவது வைத்தால் முதல் பெயருக்கு உரியவரை ஒதுக்கியதாக ஆகும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். செல்லப் பெயர் என்ற ஒன்றை அப்போதெல்லாம் யாரும் வெளியில் சொன்னதில்லை.

அவள் சொன்னாள். கொல்லையின் இந்த ஓரத்தில் நின்று மெல்ல “சின்னக்கண்ணு” என்பாள். அவன் அந்த ஓரத்தில் இருந்து ஓடிவந்து தலையால் அவள் முழங்காலை முட்டுவான். மறுபடியும் போய் நிற்பான், மறுபடியும் கூப்பிடச் சொல்வான். வீட்டுக்குப் போனதும் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது போல இருந்துகொள்வார்கள். மாயக்காவுக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் பிள்ளை பெற்ற மாதிரி இருந்தது.

இப்படி இருக்கையில் அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். எட்டாம் மாதம் ஆனது. ஓட முடியவில்லை. பத்து எட்டு எடுத்து வைத்தால் மேல்மூச்சு வாங்கியது. பிள்ளைக்கோ கால் முன்னைவிட வேகமாகிவிட்டது. காலையில் கண் விழித்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. இன்றைக்கு எங்கே போவானோ, எதில் ஏறுவானோ என்று மாவு திரிக்கும்போதும் கழுத்து வாசலைப் பார்த்தே திரும்பியிருக்கும்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை. ஊர்ப் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாயக்கா இறங்க முடியாமல் கரையில் நின்றாள். பிள்ளை பெண்களோடு இருக்கிறான் என்று அவள் நினைத்தாள். ஆத்தாளோடு இருக்கிறான் என்று பெண்கள் நினைத்தார்கள். கொம்பையா காளைகளைத் தண்ணிகாட்ட ஓட்டிக்கொண்டு வந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. இங்கே ஒரு துளி மேகம் இல்லை.

மைனா மலைப்பக்கம் இருந்து அலறிக்கொண்டு வந்தது.

“ஏறுங்க, ஏறுங்க! மலையில கொட்டித் தீத்துருச்சு! தண்ணி வருது!”

குடங்களைப் போட்டது போட்டபடி பெண்கள் கரையேறினார்கள். அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். நட்டாற்று மணல்திட்டில், கரையிலிருந்து நூறு எட்டுக்கு அப்பால், பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்து தனக்கென்று ஒரு ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தான்.

“கொம்பையா!” என்று ஒரு பெண் கத்தினாள். “கொம்பையா, ஓடியா! கொம்பையா!” என்று கரை முழுக்கக் கத்தியது. மைனா அவன் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. ஆடுகள்கூட அன்றைக்குத் தீனியை மறந்து கத்தின. பெரியவர் காளைகளை விட்டுவிட்டு, அவிழ்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு கரையோரமாக ஓடினார். தன் பெயரைத் தானே சொல்லி, “கொம்பையா! ஏ, கொம்பையா!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

பிள்ளை நிமிர்ந்தான். எல்லாரையும் பார்த்தான். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு பதில் சொன்னான்.

“தாத்தா! ஒன்னயத்தான் கூப்புடுறாக!”

சொல்லிவிட்டுக் குனிந்து மறுபடியும் மணலைத் தோண்டினான்.

வளைவுக்கு அப்பால் இரைச்சல் கேட்டது. இரண்டு இளவட்டங்கள் மணலில் குதித்து ஓடினார்கள். கால் புதைந்தது. மாயக்காவுக்கு ஓட உடம்பு வரவில்லை. வாய் திறந்தது. மாமனார் பெயர் நுனிநாக்குவரை வந்தது. அவர் அவள் கண்ணுக்கு முன்னால் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தார். சொன்னால் அவர் விழுந்துவிடுவார் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். நல்ல மனிதர், ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அதைவிட, பிள்ளை இப்போது சொன்னதை அவள் காதால் கேட்டாளே! அது அவன் பெயரே இல்லை. எத்தனை பேர் எத்தனை தடவை கத்தினாலும் அவன் வரப்போவதில்லை.

“சின்னக்கண்ணூ!”

அந்த ஊர் கேட்டறியாத குரல் அது. “சின்னக்கண்ணூ! ஆத்தாகிட்ட ஓடியா!”

பிள்ளை துள்ளி எழுந்தான். அவனுக்கு அது கம்பங்கொல்லை விளையாட்டு. சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து முட்ட வருகிற மாதிரி நேராக ஓடிவந்தான். இளவட்டம் ஒருவன் பாதி வழியில் அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான். ஏறின அடுத்த மூச்சில் செம்மண் தண்ணீர் வேரும் தூருமாக வர, பிள்ளை தோண்டிய குழியும் திட்டும் இருந்த இடம் தெரியாமல் போயின.

மாயக்கா பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் வரவில்லை. ஊர்ப் பெண்கள் முதலில் குலவை போட்டார்கள். பிறகு ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

“அது யாரு, சின்னக்கண்ணு?”

எல்லாரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பேரனின் தலையை ஒரு தடவை தடவினார். காளைகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் பல்லி காத்திருந்தது.

“ஆத்தங்கரைச் சேதி எனக்கு வந்துருச்சு,” என்றது. “உசுரோட இருக்கிற மனுசனை ஒதுக்கிப்புட்டியே, மருமகளே. அவரு பேரு இந்த வீட்டுல இனி எங்க நிக்கும்?”

“எம்புள்ள நிக்கிறான்ல?” என்று மாயக்கா விளக்குமாற்றை எடுத்தாள். பல்லி வாலை மட்டும் விட்டுவிட்டு உத்தரத்துக்கு ஏறிக்கொண்டது. ஆனால் அது சொன்னது அவள் மனசைவிட்டு இறங்கவில்லை.

பெரியவர் கோபித்துக்கொண்டிருந்தாலாவது தெரிந்திருக்கும். அவர் கோபிக்கவுமில்லை, பேசவுமில்லை. வந்தார், கஞ்சியைக் குடித்தார், கையைக் கழுவினார், போனார். பேரனை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவன் பாட்டுக்குப் போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டான். மாயக்காவுக்கு வேலை ஓடவில்லை. நினைத்தது ஒன்று செய்தது ஒன்றாகி, உலை வைக்கப் போய்ச் சாணி தெளித்துவிட்டு வந்தாள். என்ன நினைக்கிறார், எப்போது கேட்பார் என்று எண்ணியே ஒரு மாதம் ஓடியது.

பெண் குழந்தை பிறந்தது.

அன்றைக்குத்தான் பெரியவர் வாய் திறந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “மூக்காயி வந்துட்டா” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மாயக்கா மாமியார் இருந்த காலத்தில்தான் பார்த்திருந்தாள். தலைப்பெண்ணுக்குப் பாட்டி பெயர் என்பதும் வழக்கம்தானே? செத்த பொண்டாட்டி பெயரை மறுபடியும் வாய் நிறையக் கூப்பிடலாம் என்று அந்த மனிதர் தானே கூரையைச் செப்பனிட்டார், தானே தொட்டில் மரத்தை இழைத்தார். கிடையில் இருந்த மகனுக்கு ஆள் விட்டார்.

மாயக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதையெல்லாம் பார்த்தாள். பால் கொடுக்கும்போது, பல்லிக்குக் கேட்காமல், “பாப்பா, பாப்பா” என்பாள். பிறந்த குழந்தையை வேறு என்னவென்று சொல்வது? பெரியவரின் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. பாவம் என்றும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பதினாறு நாளும் அவளுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

பதினாறாம் நாள் காலையில் சாதிசனம் எல்லாம் கூடியது. பெத்தணன் கிடையை விட்டு வந்திருந்தான். ஒச்சம்மா புதுச்சேலை கட்டி, குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்து, தேனைத் தொட்டு நாக்கில் தடவினாள். காதருகே குனிந்தாள்.

மாயக்கா சட்டென்று குழந்தையின் காதைக் கையால் பொத்தினாள்.

“என்னடி இது?” என்றாள் ஒச்சம்மா.

“வேணாம் மதினி.”

பெத்தணன், “ஏய், கையை எடு” என்றான். அவள் எடுக்கவில்லை. உத்தரத்தில் இருந்து பல்லி, “அடுக்குமா இது! அடுக்குமா!” என்றது.

மாமனார் முகத்தைப் பார்த்து மாயக்கா அதுவரை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

“மாமா, செத்துப்போன எங்க மாமியா மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. பெத்த ஆத்தா மாதிரி சோறு போட்டவுக. அவுக பேரை நான் என்னைக்கும் வாயில வைக்க மாட்டேன். அதுனாலதான் சொல்றேன். இவளும் நாளைக்கு நடப்பா. ஆத்துக்கு ஓடுவா. அப்ப நான் யாரைக் கூப்பிட? என்னன்னு கூப்பிட? என்னால ரெண்டு பேரு பின்னாலயும் ஓட முடியாது மாமா.”

பெரியவர் குழந்தையைப் பார்த்தார். காதை மூடியிருந்த கையைப் பார்த்தார்.

“ஒச்சம்மா, எந்திரி,” என்றார்.

மகள் எழுந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார்.

“ரெண்டு வருசமா இந்த வீட்டுல அந்தப் பேரை நான் கூப்பிடல. கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளு இல்ல. இன்னைல இருந்து கூப்பிடலாம்னு இருந்தேன்,” என்றார். “அன்னைக்கு ஆத்தங்கரையில எம்பேரைச் சொல்லி நானே கத்துனேன். பய என்னையத்தான் கூப்பிடுறாகன்னுட்டான். நல்லவேளை, நீ வழக்கத்தைப் பாக்கல. எனக்குக் கூப்பிட ஆசைதான் தாயி. ஆனா நான் எத்தன நாளைக்குக் கூப்பிடப் போறேன்? கூப்பிடப் போறவ நீ.”

“அப்பறம் ஆத்தா பேரு?” என்று ஒச்சம்மா அழுதாள்.

பெரியவர் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். உள்ளே வேலையாக இருக்கிறவளைக் கூப்பிடுகிற குரலில் ஒரே ஒரு தடவை, “மூக்காயி” என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் கேட்டார்.

“நீ என்னன்னு கூப்பிடுறவ?”

“பாப்பான்னு, மாமா.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். “பாப்பாவா? அது ஒரு பேரா? நாளைக்கு இது கிழவியானா என்ன செய்யிறது?”

“கிழவி ஆகட்டுமே,” என்றார் பெரியவர். “அதுவரைக்கும் இருந்தாப் போதாதா?”

“ஒங்க பேரும் ஒங்களோட போயிருமே, பெரியவரே,” என்றது பல்லி. அதன் குரலிலும் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

“போகட்டும். பய இருக்கான்ல.”

மாயக்கா கையை எடுத்தாள். கொம்பையா குனிந்து, பேத்தியின் காதில் மூன்று தடவை “பாப்பா” என்றார். பிறகு நிமிர்ந்து, “மூத்தவனுக்கும் நீ ஆத்தங்கரையில கூப்பிட்ட பேரே இருக்கட்டும். எங்க அவன்?” என்றார்.

அவன் எங்கேயோ வெளியில் விளையாடிக்கொண்டிருந்தான். பழக்கத்தில் மாயக்கா பதறி எழப் போனாள். பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். சுவரில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, குழந்தையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். ஊரும் மாமனாரும் கேட்க, உட்கார்ந்த இடத்தில் இருந்தே வாய் நிறையக் கூப்பிட்டாள்.

“சின்னக்கண்ணூ!”

அன்று முதல்தான் நம் பக்கத்தில் கூப்பிடுகிற பெயரையே வைக்கிற பெயராக வைக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் பல்லெல்லாம் கொட்டி, கொள்ளுப்பேரன் கையைப் பிடித்துத் தெருவில் போகிற கிழவியை நிறுத்திப் பெயர் கேட்டுப் பாருங்கள், கொஞ்சமும் கூச்சப்படாமல் ‘பாப்பா’ என்பாள்.